பனிச்சரிவில் முதல் நாள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் அலுவலகக் குழுவில் எட்டுப் பேர் பிப்ரவரி மாத வார இறுதி ஒன்றில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள ஹெவன்லி பனித்தலத்துக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம். நான் இதுவரை ஸ்கீ பலகையைத் தொட்டதுகூட இல்லை. ‘பயிற்சி வகுப்புக்குப் பணத்தை வீணாக்காதே, அரை மணி நேரத்தில் நாங்களே சொல்லித் தருகிறோம்’ என்கிறார்கள். மேலாளரும் வருவதால், தனியே பிரிந்துபோனால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குகிறேன்.
— மென்பொருள் பொறியாளர், சான் ஹொசே

பதில்: வகுப்பிலேயே சேருங்கள். உங்கள் நண்பர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு, நிற்கத் தெரியாத காலம் எப்படி இருந்தது என்பது பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். அரை மணி நேரம் சமதளத்தில் உங்களோடு நின்றபின் அவருக்கு அலுப்புத் தட்டும். ‘இவ்வளவுதான், மேலே போய் ஒரு சுற்று வந்தால் தானாக வந்துவிடும்’ என்பார். புதிதாக வருபவர்களின் நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான். கம்பிவடத்தில் தொங்கியபடி மலைமேல் கொண்டுபோகும் நாற்காலி லிஃப்டில் ஏறுவதற்கு ஒரு திறமையும் தேவையில்லை. மேலிருந்து சரிவில் இறங்குவதற்கோ உங்கள் கால்களைத் தவிர வேறு துணை இல்லை. ஹெவன்லியின் உச்சி 10,067 அடி உயரத்தில் இருக்கிறது.

அமெரிக்கச் சரிவுகளுக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று அடையாளக் குறிகள் உண்டு. பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். பலர் கவனிக்காத செய்தி என்னவென்றால், இந்தத் தரவரிசை அந்தந்த மலைக்குள் மட்டுமே பொருந்தும். ஓரிடத்தின் நீலம் இன்னோரிடத்தின் நீலத்தைவிடச் செங்குத்தாக இருக்கலாம். ஆகவே ‘இது ரொம்ப ஈஸி’ என்று நண்பர் சொன்னால், அது என்ன நிறம் என்று கேளுங்கள். பச்சை அல்ல என்றால் முதல் நாளில் அது உங்களுக்கானது அல்ல.

பணக் கணக்கும் வகுப்பின் பக்கமே சாய்கிறது. பெரிய பனித்தலங்களில் வார இறுதி நாளன்று கவுன்ட்டரில் வாங்கும் முழு லிஃப்ட் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிவிடுகிறது. அந்த டிக்கெட் மலை முழுவதையும் திறந்துவிடும். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவதோ அடிவாரத்தின் ஒரு மூலை மட்டுமே. வகுப்பு, வாடகைக் கருவிகள், தொடக்கநிலைப் பகுதிக்கு மட்டுமான லிஃப்ட் ஆகிய மூன்றையும் சேர்த்து விற்கும் தொகுப்பு பல இடங்களில் கிடைக்கிறது. அதை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். வார இறுதி வகுப்புகள் நிரம்பிவிடுவதும் உண்டு. பூட்ஸோடு நடப்பது, பலகைகளின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது (பயிற்சியாளர்கள் இதைப் ‘பிட்சா’ என்பார்கள்), விழுந்தபின் எழுவது, ஆட்களை மேலே ஏற்றிச்செல்லும் நகரும் தரைவிரிப்பு போன்ற பட்டையில் ஏறிச் சிறு மேட்டிலிருந்து இறங்குவது என்று அவர்கள் வைத்திருக்கும் வரிசையை எந்த நண்பரும் பொறுமையாகப் பின்பற்றமாட்டார்.

மேலாளரைப் பற்றிய தயக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வியாழக்கிழமையே குழுவுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்: காலையில் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், பன்னிரண்டரை மணிக்கு இன்ன உணவகத்தில் எல்லோரையும் சந்திப்பீர்கள். முன்பே சொல்லிவிட்டால் அது பிரிந்துபோவதாகத் தோன்றாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: கற்றுக்கொடுக்க வந்த நண்பரும் அவ்வளவு பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறார். வகுப்பில் சேர்வதால் அவருடைய நாளையும் அவருக்கே திருப்பித் தருகிறீர்கள். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாய்மொழியாகவும் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிரில் கைபேசியின் மின்கலம் சட்டென்று தீர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது உங்களை மேலே அழைத்துப்போய், அங்கே கால் நடுங்கினால், வெட்கப்படாமல் லிஃப்ட் பணியாளரிடம் நாற்காலியிலேயே கீழே இறங்க முடியுமா என்று கேளுங்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் சரிவின் ஓரத்துக்கு ஒதுங்கி, மீட்புப் பணி செய்யும் ஸ்கீ பேட்ரோல் அமைப்பினரை அழையுங்கள்.

கேள்வி: ஸ்கீயா, ஸ்னோபோர்டா? எங்கள் குழுவில் இளையவர்கள் எல்லோரும் ஸ்னோபோர்டையே எடுக்கிறார்கள்.
— வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: இரண்டே நாள் பயணம் என்றால் ஸ்கீயைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனியே இயங்குகின்றன, முகம் இறங்கும் திசையைப் பார்க்கிறது, கையில் ஊன்றுகோல்களும் உண்டு. எனவே முதல் நாள் மாலைக்குள் பலர் பச்சைச் சரிவில் மெதுவாக இறங்கிவிடுகிறார்கள். ஸ்னோபோர்டில் இரு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். பலகையின் விளிம்பு தவறான பக்கத்தில் பனியில் குத்தினால், உடல் கண நேரத்தில் முன்னாலோ பின்னாலோ தூக்கியடிக்கப்படும். முதல் இரண்டு நாட்கள் பெரும்பாலும் உட்கார்ந்தும் மண்டியிட்டும்தான் கழியும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் விரைவாக முன்னேறுவதும் உண்மையே. நீங்கள் தாண்டுவதற்கு முன் ஞாயிறு மாலை வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

காயங்களும் வேறுபடுகின்றன. ஸ்கீயில் முழங்கால் தசைநார்களும் கட்டைவிரலும் அடிபடுகின்றன. ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் தோளும். ஸ்கீ பூட்ஸைப் பிடித்திருக்கும் பூட்டு, குறிப்பிட்ட விசைக்கு மேல் முறுக்கினால் தானாகத் திறந்து காலை விடுவிக்கும். அந்த அளவை உங்கள் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கொண்டுதான் வாடகைக் கடையில் அமைக்கிறார்கள். அங்கே எடையைக் குறைத்துச் சொல்வதும், திறமையைக் கூட்டிச் சொல்வதும் உங்கள் முழங்காலோடு விளையாடுவதாகும். பின்னால் சக ஊழியர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கூச்சப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள். ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்று மனம் கேட்டால், மணிக்கட்டுக் காப்பு அணிந்துகொள்ளுங்கள். விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றாமல், கையை மடக்கி முன்கையில் விழப் பழகுங்கள். தலைக்கவசம் இரண்டுக்கும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: என்னுடைய கார் நான்கு சக்கர இயக்கம் கொண்டது. பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி வாங்க வேண்டுமா?
— ஓட்டுநர் பொறுப்பு என் தலையில் விழுந்தவர், சன்னிவேல்

பதில்: வேண்டும். கலிஃபோர்னியாவின் சங்கிலிக் கட்டுப்பாடு மூன்று படிகளாக அறிவிக்கப்படுகிறது. அதிகம் நடைமுறைக்கு வரும் இரண்டாம் படியான ஆர்-2இல், நான்கு சக்கரங்களிலும் பனிக்கேற்ற டயர் உள்ள நான்கு சக்கர இயக்க வாகனங்கள் சங்கிலி மாட்டாமல் போகலாம். ஆனால் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும் எல்லா வாகனங்களிலும் சங்கிலி கைவசம் இருந்தாக வேண்டும். மூன்றாம் படியில் விதிவிலக்கே கிடையாது. டயரின் பக்கச்சுவரில் ‘எம்+எஸ்’ (M+S) என்ற குறியோ, மலையும் பனிப்படிகமும் சேர்ந்த சின்னமோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சங்கிலி மாட்டக்கூடாது என்று எழுதியிருக்கும் நிறுவனங்கள் உண்டு.

சங்கிலியை வீட்டு வாசலில், காய்ந்த தரையில், ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சாலையோரத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு மாட்டித்தரும் உரிமம் பெற்ற ஆட்கள் நிற்பார்கள். ஆனால் சங்கிலியை விற்கவோ வாடகைக்குத் தரவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. மாட்டியபின் வேக வரம்பு மணிக்கு 25 அல்லது 30 மைல். புயல் நாளில், ஹெவன்லிக்கு நீங்கள் போகும் யு.எஸ். 50 சாலையில் எக்கோ கணவாயும், வடகரைக்குச் செல்லும் ஐ-80 சாலையில் டானர் கணவாயும் சில மணி நேரம் மூடப்படுவது வழக்கமானதே. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பும் நேரத்தில் புறப்படாமல் இருப்பது நல்லது. ஞாயிறு திரும்பமுடியாமல் போனால் திங்கட்கிழமைக் கூட்டத்தை என்ன செய்வது என்பதை, மேலாளர் வண்டியிலேயே இருக்கும்போது பேசிவிடுங்கள்.

கேள்வி: என்ன உடுத்துவது?
— வாசகர், மில்பிடாஸ்

பதில்: பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. உடலை ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஒரு கதகதப்பான உடை, வெளியே நீர்புகாத மேலாடை என்று மூன்று அடுக்குப் போதும். குளிருக்குப் பயந்து இரண்டு சோடி காலுறை அணியாதீர்கள். பூட்ஸ் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால், நம் நிறத்துக்குத் தேவையில்லை என்று எண்ணாமல் சன்ஸ்கிரீன் பூசி, கண்ணாடியும் அணியுங்கள்.

கேள்வி: என் மகன் அலுவலக நண்பர்களோடு போகிறான். அடிபட்டால் தலத்தார் பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்குகிறார்களாமே? உயரத்தால் மூச்சுத் திணறாதா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அம்மா, அந்தக் கையெழுத்து எல்லோரிடமும் வாங்கப்படுவது, அதனால் அந்த இடம் ஆபத்தானது என்று பொருள் இல்லை. மகனுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை சட்டைப்பையில் இருந்தால் போதும். நீங்களே அங்கு போய் அவரோடு சறுக்குவதாக இருந்தால்தான் கவனம் வேண்டும். பயணிகளுக்கான காப்பீடுகள் பலவற்றில் இத்தகைய விளையாட்டுகள் சேர்வதில்லை. உயரத்தைப் பொறுத்தவரை, டாஹோ ஏரியின் மட்டம் சுமார் 6,225 அடி. நம் ஊட்டி அதைவிட உயரம். மலையுச்சியில் தலைவலியும் களைப்பும் வரலாம் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். முன்னால், அதாவது கீழே, சறுக்கிக்கொண்டிருப்பவருக்கே வழியுரிமை என்ற விதியையும், பிற்பகலில் கால் சோர்ந்தபின் ‘கடைசியாக ஒரு சுற்று’ வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எனக்குச் சறுக்குவதில் விருப்பமே இல்லை, குழுவுக்காகப் போகிறேன். செலவை எப்படிப் பகிர்வது?
— வாசகி, சாண்டா கிளாரா

பதில்: தங்குமிடம், பெட்ரோல், பொதுச் சமையல் ஆகியவற்றைத் தலைக்குச் சமமாகவும், டிக்கெட், வாடகைக் கருவிகள், மது ஆகியவற்றை அவரவர் கணக்கிலும் வைக்கும்படி புறப்படும் முன்பே கேளுங்கள். ஹெவன்லியில் சறுக்காதவர்களும் கோண்டோலாவில் (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டி) தனி டிக்கெட் எடுத்து 9,123 அடியில் உள்ள காட்சிமேடை வரை போகலாம். ஏரி முழுவதும் அங்கிருந்து தெரியும். காற்று பலமாக வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், டிக்கெட் வாங்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.