மாங்கூழுக்கு விதி எழுதும் இடத்தில் நம் ஆள் யார்?

கேள்வி: ஐ.நா.வுக்கும் மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் நடக்கிறதாமே! வார்டு உறுப்பினரையே கண்ணில் பார்க்க முடியாத நமக்கு இதெல்லாம் எதற்கு?
வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: வார்டு உறுப்பினர் யார் என்றாவது உங்களுக்குத் தெரியும், அடுத்த தேர்தலில் மாற்றவும் முடியும். உங்கள் பக்கத்து ஆலைகளில் பெங்களூரா மாம்பழம் கூழாகிக் கப்பலேறுகிறது. உணவுப்பொருளில் எந்தப் பூச்சிமருந்து எத்தனை மில்லிகிராம் மிஞ்சலாம் என்று உலக அளவு வகுப்பது, 1963-ல் தொடங்கிய, ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம். நாடுகளுக்குள் வழக்கு வந்தால் உலக வர்த்தக அமைப்பு அந்த அளவைத்தான் எடுத்துப் பார்க்கும். அங்கே இந்தியாவுக்காக உட்காருபவர்கள் அரசு அனுப்பும் அதிகாரிகள். அளவை நிபுணர்களே வகுக்கட்டும். அதற்கு ஓட்டெடுப்பு உதவாது. மருந்தை மாற்றச் சிறு விவசாயிக்கு எத்தனை வருடம் அவகாசம், பரிசோதனைச் செலவு யார் தலையில் என்று கேட்கத்தான் மக்கள் அனுப்பிய ஆள் வேண்டும்.

வழி இருக்கிறது. ஐ.நா. சாசனத்தைத் திருத்தப் போனால் 108-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். 22-ஆவது பிரிவின்படி பொதுச்சபை தனக்கு வேண்டிய துணை அமைப்பைத் தானே ஏற்படுத்திக்கொள்ளலாம். அங்கே வீட்டோ, அதாவது ஒரே நாடு தடுத்து நிறுத்தும் உரிமை, கிடையாது. 2006-ல் மனித உரிமைகள் கவுன்சில் பொதுச்சபையின் துணை அமைப்பாகவே பிறந்தது. அமெரிக்கா எதிர்த்தும் 170 நாடுகள் ஆதரித்தன. 2007 முதல் இயங்கும் அந்த இயக்கம் முதல் படியாகக் கேட்பதும் இத்தகைய ஆலோசனை அவையைத்தான். முதலில் அந்தந்த நாட்டு நாடாளுமன்றம் உறுப்பினர்களை அனுப்பும், நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடுவது மாதிரி. நேரடித் தேர்தல் பிறகு. ஐரோப்பாவிலும் 1952-ல் 78 நியமன உறுப்பினர்களோடு கூடிய அவைக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டது 1979-ல்தான்.

சிக்கல் இடப் பங்கீட்டில். பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் ஆளுக்கொரு ஓட்டு. சுமார் 11,000 பேர் வாழும் துவாலுவும் 140 கோடியைத் தாண்டிய நாமும் சமம். தலைக்கணக்கில் பிரித்தால் 800 இடத்தில் நமக்கு 140-க்கு மேல் வரும், சின்ன நாடுகளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. எந்த நாடும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6, ஜெர்மனிக்கு 96: மக்கள்தொகை சுமார் 150 மடங்கு, இடம் 16 மடங்குதான். இந்த மாதிரிக் கணக்கில் நமக்கு 60 இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். ஓர் இடத்துக்கு 2.3 கோடிப் பேர்; தமிழ்நாட்டுக்கே மூன்று பேர்தான். கிருஷ்ணகிரிக்கென்று தனித் தொகுதி கேட்க இடமே இல்லை. அதனால்தான் கட்சிகளின் பலத்துக்கேற்ப இடம் பிரிக்கும் விகிதாசார முறையை வலியுறுத்துகிறேன். ஆளுங்கட்சி தனக்கு வேண்டியவர்களை மட்டும் அனுப்பினால் அது இன்னொரு அதிகாரிகள் கூட்டம். எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு என்பது அவையை அமைக்கும் பொதுச்சபைத் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அதிகாரமும் முக்கியம். 2004-ல் தொடங்கிய ஆப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு நாட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். ஆலோசனை சொல்வதோடு அவர்கள் வேலை முடிகிறது. உலக அவைக்கு முதல் நாளிலிருந்தே இரண்டு உரிமையாவது வேண்டும்: ஐ.நா. அமைப்புகளின் தலைவர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது, வரவு செலவைப் பார்ப்பது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி. வேட்பாளரிடம், சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: 22-ஆவது பிரிவின்படி ஓர் அவை அமைக்க இந்தியா பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று மக்களவையில் பேசுவீர்களா?