பூட்டைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளை என்ன படிக்கலாம்?

வீட்டுப் பூட்டையெல்லாம் மகள் கழற்றிப் போடுகிறாள், இதை வைத்து ஒரு படிப்பு உண்டா, வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு. ஆனால் ‘பூட்டு வடிவமைப்பு’ என்ற பெயரில் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். இயந்திரவியல் பட்டமோ டூல் அண்ட் டை (கருவியும் அச்சும் செய்யும் தொழில்) டிப்ளமோவோதான் இதற்கு வாசல். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டு திறந்துகொள்ளும் அந்த நொடி அவளுக்குப் பிடிக்கிறதா, பூட்டு ஏன் மக்கர் செய்கிறது என்று துருவுவது பிடிக்கிறதா? முதலாவது நல்ல பொழுதுபோக்கு. சம்பளம் இரண்டாவதற்குத்தான்.

ஒரு வாரத்தில் இது தெரிந்துவிடும். பயன்பாட்டில் இல்லாத சிலிண்டர் பூட்டு ஒன்று, அதன் சாவி, நுட்பமாக அளக்கும் ஒரு வெர்னியர் அளவுகோல், உள்ளே சுழலும் உருளையின் விட்டமே உள்ள ஒரு மரக்குச்சி (பெரும்பாலும் 13 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும்) போதும். பூட்டின் உள்ளே வரிசையாகச் சில துளைகள் (அறைகள்) இருக்கும். ஒவ்வொன்றிலும் சாவியைத் தொடும் அடிப் பின், அதன் மேல் ஒரு மேல் பின், அதை அழுத்தும் ஸ்பிரிங். சாவியைப் போட்டுச் சற்றே திருப்பிவிட்டு, பின்பக்கக் கிளிப்பைக் கழற்றி, குச்சியால் உருளையை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். திருப்பாமல் நேராகத் தள்ளினால் ஓர் அறையின் மேல் பின் அடுத்த துளைக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும். குச்சிக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும். முதல் தடவை எப்படியும் ஓடத்தான் செய்யும். அகலமான தட்டுக்குள் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது அளவு. அடிப் பின்களை வரிசை மாறாமல் எடுத்து நீளத்தைக் குறிக்க வேண்டும். சாவியின் ஒவ்வொரு பள்ளத்திலும், சாவியின் அடிவிளிம்பிலிருந்து பள்ளத்தின் அடிவரை உயரத்தையும் குறிக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஐந்து அறைக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரும். அப்படி வந்தால்தான் எல்லாப் பின்களின் தலையும் உருளையின் விளிம்போடு சமமாக நின்று, சாவி திரும்பும். சாவி தேய்ந்திருந்தால் கூட்டுத்தொகை குறையும். மேல் பின் உள்ளே இறங்கி உருளையைத் தடுக்கும். ‘கொஞ்சம் ஆட்டித் திருப்பினால்தான் திறக்கிறது’ என்று சொல்கிற பழைய பூட்டுகள் பலவற்றின் கதை இதுதான். அந்த எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று மகள் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தால், பாதிக் கவலையை நீங்கள் விட்டுவிடலாம்.

ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிர் அந்த நூறில் சில பங்கு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. ஐந்து பின், பின்னுக்குப் பத்து ஆழம் என்றால் கணக்குக்கு 1,00,000 சாவிகள். நடைமுறையில் அத்தனை கிடைக்காது. மிக ஆழமான பள்ளத்தின் சரிவு பக்கத்துப் பள்ளத்தைத் தின்றுவிடும் என்பதால் சில சேர்க்கைகளைத் தள்ளிவிட வேண்டும். இடைவெளியைத் தாராளமாக விட்டால் அடுத்த வீட்டுச் சாவியும் திறக்கும். இறுக்கினால் தூசி, தேய்மானம், குளிர் எல்லாவற்றுக்கும் பூட்டு சண்டித்தனம் செய்யும். கம்பி விட்டு நெம்பித் திறக்க முடிவதும் இதனால்தான்: துளைகள் ஒரே கோட்டில் துல்லியமாக இல்லாததால் ஒரு பின் மற்றவற்றுக்கு முன்பே இறுகுகிறது. தாராளத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவே எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானிப்பவர்தான் வடிவமைப்பாளர்.

கேட் (CAD, கணினியில் வரைபடம் போடும்) மென்பொருள் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆங்கிலேயரான ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டைக் கையால் செய்து கட்டுப்படியாகவில்லை. ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் அதற்கென்றே இயந்திரங்கள் செய்த பிறகுதான் உற்பத்தி நடந்தது. அந்தப் பூட்டை 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் சாவியில்லாமல் திறக்க 51 மணி நேரம் ஆயிற்று. ஆகவே அச்சு வார்ப்பு, தகடு வெட்டுதல், ஸ்பிரிங் கணக்கு, டாலரன்ஸ் (எவ்வளவு அளவு வித்தியாசம் பொறுக்கலாம் என்ற) வரைபடம் ஆகியவற்றைப் பட்டறையில் கைபட நடத்துகிற கல்லூரியாகப் பாருங்கள். கட்டடம் எத்தனை மாடி என்று பார்க்க வேண்டாம்.

சிலிண்டரோடு நின்றுவிடவும் கூடாது. களத்தில் வரும் புகார்களில் நிறைய தாழ்ப்பாள் பக்கத்தில்தான். கீல் தளர்ந்து கதவு இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் தாழ்நாக்கு, கதவு நிலைச்சட்டத்தில் உள்ள தகட்டின் விளிம்பில் இடிக்கும். பழி பூட்டின் மேல் விழும். சரிவான நாக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய துணைநாக்கு இருக்கும் பூட்டுகளைக் காட்டுங்கள். கதவு சாத்தியிருக்கும்போது அது தகட்டில் அழுந்தியே இருக்க வேண்டும். அப்போதுதான் மெல்லிய அட்டையை நுழைத்துப் பெரிய நாக்கைத் தள்ள முடியாது. தகட்டின் துளை பெரிதாகிவிட்டால் இரண்டும் சேர்ந்து உள்ளே விழும், காவல் போய்விடும். பூட்டில் ஒரு குறையும் இருக்காது. தச்சர் இட்ட துளையால் தோற்கும் பூட்டு இது. அதையும் முன்கூட்டியே யோசிப்பது வடிவமைப்பில் சேர்த்தி.

உள்ளே இருப்பவர் வெளியேறுவதும் பூட்டின் கடமை. 1903இல் சிக்காகோவின் இரோக்குவா அரங்கத் தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பூட்டிய கதவுகளும் திறக்கத் தெரியாத தாழ்களும் அதற்கு ஒரு காரணம். உடம்பால் தள்ளினாலே திறக்கும் அவசரத் தண்டு பரவலானது அதன் பிறகுதான். இப்போது ஐரோப்பாவில் அதற்கு ஈ.என். 1125 என்று தனித் தரநிலையே இருக்கிறது.

வேலைக்கு நுழைய எளிய வழி சோதனைக்கூடம். ஈ.என். 12209 தரநிலையில் கதவுப் பூட்டை 2,00,000 தடவைவரை இயக்கிப் பார்க்கும் படி உண்டு. பெரிய எண்ணாகத் தெரியும். நாளுக்கு 100 தடவை திறக்கும் கதவுக்கு அது ஐந்தரை ஆண்டுகூட வராது. எது முதலில் உடைகிறது, கைப்பிடி ஏன் தொங்குகிறது என்று அங்கே இரண்டு ஆண்டு பார்த்தவர் வரைபலகைக்கு வரும்போது தவறு குறையும். கார் கதவு லாட்ச் (கதவைப் பிடித்து நிறுத்தும் தாழ்) இன்னொரு பெரிய துறை. அமெரிக்க விதிப்படி முழுதாகப் பூட்டிய நிலையில் அது 11,000 நியூட்டன் நீளவாட்டு இழுப்பைத் தாங்க வேண்டும்.

டிஜிட்டல் பூட்டு வந்து இதையெல்லாம் ஒழித்துவிடுமோ என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தில் இருந்தது. மின்னணுப் பூட்டிலும் கடைசியில் கதவைப் பிடித்து நிற்பது உலோக நாக்குதான். தகடு சற்று விலகியிருந்தால் கையால் திருப்புகிறவர் கொஞ்சம் அழுத்திச் சமாளிப்பார். சின்ன மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும். எனவே அடிப்படை மின்னணுவியல் ஒரு தாள் கூடுதலாகப் படிக்கட்டும், இயந்திரவியலை விட வேண்டாம்.

திறக்கும் பழக்கம் தவறான வழியில் போகாதா என்ற பயத்துக்கு இரண்டு விதி போதும்: தன்னுடைய பூட்டை மட்டும், அதிலும் கதவில் மாட்டியிராத பூட்டை மட்டும். கருவிகள் வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றியதைத் திரும்பப் பொருத்தும்போது சமையல் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட வேண்டாம். தூசியைப் பிடித்து ஒட்டுப் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும். சாவி திரும்பியதும், அளவுத் தாளையும் கையால் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்து அதைத்தான் நீட்ட வேண்டும்.