'பொறு' என்னும் வாசனை

மதிப்பிற்குரிய ஐயா,

பயிரை அழிக்கும் பூச்சிகள் இணை சேராதபடி அவற்றின் மரபணுவைத் திருத்தும் ஆய்வுகளைப் பற்றி வாசித்தேன். பூச்சிக்கொல்லியைவிட இது மேல் என்கிறார்கள். ஆனாலும் ஓர் உயிரின் காதலில் கைவைப்பதை என் மனம் ஒப்பவில்லை. இத்திருத்தம் தேனீக்களுக்கும் பரவிவிடாதா? இதை நாம் ஏற்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நான் மனதில் உருட்டிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அந்துப்பூச்சிக்காக வருந்தும் மனம் எளிதில் வாய்ப்பதல்ல, அதை இழந்துவிடாதீர்கள். ஆனால் 'காதல்' என்ற சொல்லை இங்கே இழுத்துவந்ததற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். பூச்சி என்ன செய்கிறது என்று பார்க்கவிடாமல் அந்தச் சொல் கண்ணை மறைக்கிறது. தேனீயைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு வரி போதும்: தமக்குள் கூடி இனம்பெருக்காத உயிர்களுக்கிடையே இத்தகைய திருத்தம் பரம்பரையாகச் செல்ல வழியில்லை.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் ஒரு பெண் பட்டுப்பூச்சியைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, அருகில் ஓர் ஆணை விட்டார்கள். விரலளவு தொலைவில் அவள் கண்ணெதிரே இருந்தும் அது அசையவில்லை. (நானும் 'அவள்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.) பிறகு, பெண்ணின் வயிற்று நுனியில் ஒற்றியெடுத்த வடிதாள் துண்டை மேசையின் மறுகோடியில் வைத்ததும், சீப்புப் பற்கள் போன்ற உணர்கொம்புகள் நிமிர, சிறகுகள் படபடக்க, வளைந்து வளைந்து நடந்துபோய் அந்தத் தாளோடு கூட முயன்றது. அந்த வாசனைப் பொருளான பாம்பிகோலை 1959இல் இனங்காண ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் புட்டெனான்டுக்கு ஏறத்தாழ 5,00,000 பெண் பூச்சிகள் தேவைப்பட்டன.

அன்று நான் அதை 'வா' என்னும் அழைப்பாக மட்டுமே புரிந்துகொண்டேன். பருத்திக் காயைத் துளைக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சியைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டதை வாசித்த பிறகே அந்த எண்ணம் மாறியது. இன்னும் முதிராத பெண்ணின் வாசனைக் கலவையில் ஆணைத் தள்ளிநிறுத்தும் ஒரு பொருளும் இருக்கிறது. 'பொறு' என்பதே அது சொல்லும் செய்தி. அதை உணரும் ஏற்பியின் (வாசனையைப் பற்றும் புரதத்தின்) மரபணுவைக் கிரிஸ்பர் என்னும் மரபணு திருத்தும் கருவியால் செயலிழக்கச் செய்தபோது, ஆண்கள் பொறுக்காமல் முதிராத பெண்களோடு கூடின. அப்பெண்கள் இட்ட முட்டைகளின் பொரிக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது. இங்கே கலவியை யாரும் தடுக்கவில்லை, அதற்குரிய வேளையைத்தான் கெடுத்தார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்தது. வாசனையே உணராத ஆணை உருவாக்கிவிட்டால் பூச்சி ஒழிந்தது என்று எழுதுகிறவர்கள் எளிய கணக்கொன்றை மறக்கிறார்கள். இணையைக் கண்டடையாத ஆணுக்குச் சந்ததி இல்லை. அதன் திருத்தம் அதனோடு மடியும். பொறுமையிழந்த ஆணின் வழியும் விரைவிலேயே மெலியும். போதாக்குறைக்குக் காய்ப்புழுப் பெண் பலமுறை கூடும் இயல்புடையது, முதல் கூடல் வீணானால் அடுத்தது இருக்கிறது. அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்ளிங்கின் வழிமுறைப்படி 1954இல் கரீபியக் கடலின் குராசாவோ தீவில் கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டு, கால்நடைகளின் புண்களில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை ஒழிக்க முடிந்ததென்றால், அந்த மலட்டு ஆண்கள் பெண்ணைத் தேடிப் போய்க் கூடியதாலும், அந்த ஈயின் பெண் பொதுவாக ஒருமுறையே கூடுவதாலும்தான். தேடலையே அழித்த ஆணைப் பறக்கவிடுவதும் விடாததும் ஒன்று. ஒரு திருத்தம் ஏறத்தாழ எல்லாச் சந்ததிக்கும் போய்ச் சேரும்படி செய்யும் 'ஜீன் டிரைவ்' உத்தி இருக்கிறதே என்பீர்கள். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசுவின், பால் வளர்ச்சியை வழிநடத்தும் டபுள்செக்ஸ் மரபணுவைக் குறிவைத்தபோது, கூண்டுக்குள் இருந்த கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அழிந்தது. அங்கும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் திருத்தத்தைச் சுமந்தவை கூடிப் பெருகியதால்தான் அது பரவியது.

ஏற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காதலை விட்டுவிட்டு, கூடாத ஆணின் திருத்தத்தை அடுத்த தலைமுறைக்குச் சுமந்துசெல்வது எது என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு நீளமாகவே பதில் தருகிறேன்.