அலையில் ஒட்டிய மணல்

அன்புள்ள சார்,

ஸ்காட்லாந்து ஓவியர் ஜோன் ஏர்ட்லியின் 'அலை' (1961) ஓவியத்தின் படத்தைக் கைபேசியில் பார்த்தேன். மனம் கனத்துவிட்டது. இரண்டே ஆண்டில் அவர் புற்றுநோயால் இறந்தார் என்று படித்ததும், அந்தக் கடலில் தன் மரணத்தைத்தான் வரைந்திருக்கிறார் என்று தோன்றியது. சரியா? தூரிகையால் தீட்டினாரா, கத்தியாலா?
– ம.

அன்புள்ள ம.,

தூரிகையா கத்தியா என்பதை விடுங்கள், அது பெரிய விஷயமில்லை.

மனம் கனத்தது என்கிறீர்களே, நல்ல பார்வை அது. அதோடு நின்றிருக்கலாம். இறந்த தேதியைத் தேடப் போனதில்தான் எல்லாம் கெட்டது. ஏர்ட்லிக்கு நோய் தெரியவந்ததே 1963-இல். 42 வயதில் சாகப்போகிறார் என்பது நமக்குத் தெரியும், வரைந்த கைக்குத் தெரியாது. கலைஞர் சீக்கிரம் செத்துவிட்டால் போதும், அவர் செய்ததையெல்லாம் மரண வாக்குமூலமாக்கிவிடுகிறோம்.

படத்தின் கீழே போட்டிருப்பதைப் படித்தீர்களா? ஹார்ட்போர்டில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், எண்ணெய் வண்ணமும் மணலும். கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வடகடல் ஓரம் காட்டர்லைன் என்ற சின்ன மீனவக் கிராமத்தில், புயலடிக்கும்போது வெளியே நின்று வரைந்தவர் அவர். கித்தான் என்றால் அந்தக் காற்றில் படகுப் பாய் மாதிரி அடித்துக்கொள்ளும். ஹார்ட்போர்டு விறைப்பாக நிற்கும், வண்ணத்தை அள்ளி அப்பினாலும் தாங்கும். பலகை ஆறடி அகலம், நாலடி உயரம். மணிக்கட்டை அசைத்து அதில் அலை வராது, தோளிலிருந்து வீச வேண்டும். அப்புறம் மணல். மணல் கலந்த வண்ணம் வழுக்கிக்கொண்டு போகாது. இழுக்க இழுக்கத் தடுக்கும், கோடு பிசிறும். மேடுகளில் வெளிச்சம் படும், பள்ளங்களில் நிழல் தங்கும். நீங்கள் துக்கம் என்று நினைத்த கனத்தில் பாதி இந்தத் தடிமன்தான்.

மாணவனாக இருந்தபோது தரங்கம்பாடிக் கரையில் வரைந்துகொண்டிருந்தேன். காற்று வாரியடித்த மணல் ஈர வண்ணத்தில் அப்பிக்கொண்டது. வாத்தியார் வந்தார். "என்னடா குப்பை இது" என்று சுரண்டினார். மணலோடு பாதி வானமும் போயிற்று. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பது அந்த மணலில் இருந்தது! இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஏர்ட்லி 1960-இல் வரைந்த புல்வெளி ஒன்று உண்டு. நிஜப் புல்லும் விதைக்கதிர்களும் வண்ணத்துக்குள் புதைந்திருக்கும். கைபேசியில் வேண்டாம், கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். எது ஒட்டிய புல், எது தீட்டிய புல் என்று பிரித்துப் பார்த்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் புற்றுநோய் வந்தால் பதில் போட மாட்டேன்.