மீட்டருக்கா, பிக்குக்கா? – சங்கமும் கூலியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மீட்டருக்கு 5 ரூபாயாக இருந்த நெசவுக் கூலி 5 ரூபாய் 25 காசு ஆகியிருக்கிறது. தொழிற்சங்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனால் வாரக் கடைசியில் கைக்கு வருவது முன்பைவிடக் குறைவு. 60 பிக் (அங்குலத்துக்கு 60 ஊடை, அதாவது குறுக்கிழை) ஓடிய தறியில் இப்போது 68 பிக் ரகம் ஓடுகிறது. காரணம் அதுதானா?
– வாசகர், ஜலகண்டபுரம்

பதில்: அதுவேதான். ஒரு மீட்டர் என்பது 39.37 அங்குலம். 60 பிக் ரகத்தில் மீட்டருக்கு 2,362 ஊடை விழுகிறது. 68 பிக்கில் 2,677. தறி நிமிடத்துக்கு 130 ஊடை போடுகிறது, இழை அறுவது, தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) மாற்றுவது போக நூற்றுக்கு 80 பங்கு நேரம்தான் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் ஒரு தறிக்குப் பழைய ரகம் 21 மீட்டர் இறங்கும், புதியது 18.6 மீட்டர்தான். நான்கு தறி பார்ப்பவருக்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் 423 ரூபாய், இப்போது 392. உயர்வு என்று பேர், 31 ரூபாய் குறைவு.

கணக்கைப் பிக்குக்கு மாற்றினால் ஒளிவு மறைவு இருக்காது. முன்பு 5 ரூபாயை 60-ஆல் வகுத்தால், மீட்டருக்கு ஒரு பிக்குக்கு 8.33 காசு. இப்போது 5.25-ஐ 68-ஆல் வகுத்தால் 7.72 காசு. பழைய விலையே நிற்க வேண்டுமென்றால் மீட்டருக்கு 5 ரூபாய் 67 காசு வந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மீட்டர் கூலி எழுதுவது சங்கங்கள் தொடர்ந்து செய்யும் தவறு. 'மீட்டருக்கு, ஒரு பிக்குக்கு இத்தனை காசு' என்று எழுதிவிட்டால் ரகம் மாறும்போது கூலி தானாக மாறும்.

பிக்கை எண்ணுவதிலும் தகராறு வரும். தறியில் துணி இழுவையில் இருக்கும்போது எண்ணினால் ஒன்றிரண்டு குறைவாகத் தெரியும். இறக்கி, சற்று நேரம் தளர விட்டு, அளவுகோல் வைத்து ஓர் அங்குலத்தை ஊசி முனையால் எண்ணுங்கள். எந்த நிலையில் எண்ணுவது என்பதையும் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள்.

இன்னொன்று: கஞ்சி சரியில்லாத பாவு (நீளவாக்கு நூல்) வந்து, ஓட்டம் 80-லிருந்து 70-க்கு இறங்கினால், 60 பிக்கிலேயே 18.5 மீட்டர்தான் கிடைக்கும். பிக் கூடாமலே மீட்டர் அதே அளவு குறைகிறது. நூலும் பாவும் முதலாளி தருவது என்றால், பாவுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் அறுந்து நிற்கும் நேரத்துக்கும் தனிக் கூலி கேட்பது நியாயம். துணியில் குறை என்று அபராதம் பிடித்தால், அது அந்தக் கூலிக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் காப்பி எஸ்டேட்டில் இரண்டு சங்கம். ஒன்று மட்டும் நிர்வாகத்தோடு கையெழுத்துப் போட்டது. அது எங்களையும் கட்டுப்படுத்துமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: எங்கே கையெழுத்தானது என்று பாருங்கள். எஸ்டேட் ஆபீசிலேயே பேசி முடித்திருந்தால் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறைச் சமரச அதிகாரி முன்னால், சமரச நடவடிக்கையில் ஆகியிருந்தால் எல்லாத் தொழிலாளரையும், நாளை வேலைக்குச் சேர்பவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் முதலாவதை 18(1), இரண்டாவதை 12(3) என்று எல்லோரும் சொல்வது வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

புதிதாக வந்தது, பேசும் உரிமைக்கான எண்ணிக்கை. மஸ்டரில் (ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அந்த எண்ணிக்கை இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து குழுவாகப் பேசும். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் மஸ்டர்தான். பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேஸ்திரி கூட்டி வரும் ஆட்களின் பெயர் மஸ்டரில் ஏறவில்லையென்றால், அவர்கள் உங்கள் சங்கத்தில் இருந்தும் எண்ணிக்கையில் வர மாட்டார்கள்.

கேள்வி: சங்கம் நெசவுக் கூலியை ஏற்றினால் ஆர்டர் பள்ளிபாளையத்துத் தறிகளுக்குப் போய்விடும் என்கிறார்களே?
– கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஒரு பட்டறையில் மட்டும் ஏற்றினால் போகத்தான் செய்யும், பயம் வீணானதல்ல. ஆகவேதான் கூலிப் பேச்சை வட்டாரம் முழுவதற்கும் ஒன்றாக வைக்க வேண்டும். அப்போது எந்த முதலாளிக்கும் பக்கத்து ஊர்க்காரரைவிடக் கூலியைக் குறைத்து ஆர்டர் பிடிக்க வழியிருக்காது. நூல் சேதாரம், மின்சாரம், தறிப் பராமரிப்பு என்று வேறு இடத்தில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு, சேலம் உருக்காலையில் சம்பளம் சேலத்தில் பேசப்படுவதில்லை. அதை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான செயிலின் ஆலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்.ஜே.சி.எஸ். என்ற கூட்டுக் குழுவில்தான் பேசப்படுகிறது. ஆனால் அங்கேயும் பேச்சின் பலன் நிரந்தரத் தொழிலாளருக்கு வரும் அளவுக்கு ஒப்பந்தக்காரர் ஆட்களுக்கு வருவதில்லை. சங்கங்கள் மேல் வைக்கும் குறைகளில் இது ஒன்றுதான் எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது.