கேளுங்க, சொல்றேன்: மிதித்தால் மின்சாரம் வருமா?

கேள்வி: கல்யாண மண்டபம் வைத்திருக்கிறேன். வாசலில் பீங்கான் சில்லுகள் வைத்த டைல்ஸ் பதித்தால், விருந்தாளிகள் நடக்க நடக்க மின்சாரம் வரும், கரண்ட் பில் பாதியாகும் என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார். நம்பலாமா? (வாசகர், பழனி)

மின்சாரம் வரும், அது நிஜம். பில் பாதியாகும் என்பது கதை. கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ளவர் மிதித்து டைல்ஸ் 5 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த மிதியில் கிடைப்பது சுமார் 3 ஜூல். ஆயிரம் பேர், ஆளுக்கு 20 மிதி என்றால் 60,000 ஜூல். துளிகூட வீணாகாமல் மின்சாரமாக மாறினாலும், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இரண்டு மணி நேரம் எரியாது. ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல் வேண்டும், அதாவது 12 லட்சம் மிதி!

5 மில்லிமீட்டர் என்பதே தாராளக் கணக்கு. கெட்டியான பீங்கான் அவ்வளவு அமுங்காது. அமுங்குகிற மாதிரி செய்தால், முகூர்த்தத்துக்கு அவசரமாக வருகிற பாட்டி தடுக்கி விழுவார். ஜப்பானில் டோக்கியோ ரயில் நிலையத்தின் டிக்கெட் கேட்டில் 2008-இல் இந்த மாதிரித் தரையைப் போட்டுச் சோதித்தார்கள். அங்கே வருகிற கூட்டம் உங்கள் மண்டபத்துக்கு வராது. அந்தப் பணத்தில் மொட்டை மாடியில் சோலார் போடுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் தரும்.

கேள்வி: நான் பீங்கான் சூளையில் வேலை செய்கிறேன். எந்தக் கோப்பையை அழுத்தியும் ஷாக் அடித்ததில்லை. இது என்ன தனிப் பீங்கான்? (வாசகர், விருத்தாசலம்)

உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. 'டக்' என்று அமுக்கும் கேஸ் லைட்டருக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், பென்சில் துண்டு போல ஒரு பீங்கான் உருளை. ஸ்பிரிங் இறுகி விடுபட்டதும் சுத்தியல் உருளையின் தலையில் ஒரு போடு போடும். கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, நுனியில் பொறி பறக்கும். பேட்டரி கிடையாது.

அழுத்தினால் மின்னூட்டம் வரும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்சின் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களில் பார்த்தார்கள். பேரியம் டைட்டனேட் போன்ற பீங்கான்கள் பின்னால் வந்தவை. அதன் அணுக்கூட்டில் டைட்டானியம் நட்டநடுவில் உட்காராமல் சற்றே ஒதுங்கி இருக்கும். அழுத்தினால் அந்த இடம் நகர்கிறது, பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது. ஆனால் சூளையிலிருந்து எடுத்ததும் பயன்படாது. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசை பார்த்து, ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். சூடான எண்ணெய்க்குள் வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்ப வேண்டும். உங்கள் கோப்பையில் அந்தப் பொருளும் இல்லை, இந்தப் பயிற்சியும் இல்லை.

கேள்வி: பிறகு எதற்குத்தான் உதவும்? (வாசகி, கரூர்)

பேட்டரி மாற்றக் கை போகாத இடங்களுக்கு. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மெல்லிய பீங்கான் நாடாக்களை மாடு, ஆடுகளின் இதயத்தில் ஒட்டி, துடிப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். பாலம், டயர், இயந்திரத் தண்டு இவற்றில் ஒட்டும் சென்சார்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: இறுதியாண்டு பிராஜெக்டாக, செருப்புக்குள் வைக்கும் உராய்வு நானோஜெனரேட்டர் (இரண்டு பரப்புகள் தொட்டுப் பிரியும்போது மின்சாரம் தரும் கருவி) செய்கிறேன். சிலிக்கோன் ரப்பரில் பேரியம் டைட்டனேட் பொடி கலந்திருக்கிறேன். காலையில் வேலை செய்கிறது, மதியம் படுத்துவிடுகிறது. போன் சார்ஜ் ஆகுமா? (மாணவர், நாகர்கோவில்)

தம்பி, போனை மறந்துவிடு. உன் கருவி தருவது நூற்றுக்கணக்கான வோல்ட், ஆனால் மைக்ரோஆம்பியர். 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு அது எந்த மூலைக்கு? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு 2006-இல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளில் தொடங்கி, 2012-இல் உராய்வு முறைக்கு வந்தது. அதிலிருந்து பலரும் முட்டிக்கொள்வது இதே குறைந்த மின்னோட்டத்தில்தான்.

மதியம் படுப்பதற்கு வியர்வைதான் காரணம் என்று நினைக்கிறேன். பரப்பில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும். விளிம்பைச் சுற்றி நன்றாக அடைத்துப் பார். அப்புறம், சாதாரண மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம்தான். உன் கருவியின் மின்தடையும் அந்த அளவுக்கு இருந்தால், மீட்டரே வோல்ட்டைக் குடித்துவிடும். லேபில் எலெக்ட்ரோமீட்டர் கேள், அதன் உள்மின்தடை மிக அதிகம். பொடி மின்காப்பு மாறிலியை, அதாவது ரப்பர் மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை, உயர்த்தும், சரி. அள்ளிக் கொட்டினால் ரப்பர் விறைத்து, இரண்டு பரப்பும் சரியாகத் தொடாது. சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு கலவையையும் அளந்து எழுதிவை.

தலைப்பை 'பேட்டரியில்லாமல் அடி எண்ணும் செருப்பு' என்று மாற்றினால், ஒவ்வொரு அடிக்கும் வரும் மின் துடிப்பை எண்ணினாலே போதும், பிராஜெக்ட் கரையேறும். பி.இசட்.டி. (லெட் சிர்கோனேட் டைட்டனேட்) பீங்கானுக்கு மாறும் யோசனை இருந்தால், அதில் எடையில் பாதிக்கு மேல் ஈயம். வீட்டில் வைத்து அரத்தால் ராவாதே.