காகலுணவும் தமிங்கிலமும்

கேள்வி: கொழும்பு ஹோட்டல் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை ‘பிரஞ்ச்’ விளம்பரத்தைப் பார்த்த என் மகள், காலையையும் பகலையும் சேர்த்துக் ‘காகலுணவு’ என்றொரு சொல்லை ஆக்கியிருக்கிறாள். இப்படி வெட்டி ஒட்டுவதைத் தமிழ் ஏற்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ‘பிரஞ்ச்’ என்பது ‘பிரேக்பாஸ்ட்’டின் தலையையும் ‘லஞ்ச்’சின் வாலையும் ஒட்டி, 1895இல் இங்கிலாந்து இதழ்க் கட்டுரையொன்றில் முன்வைக்கப்பட்ட சொல். தமிழ் சொற்களைச் சேர்க்கும் முறை வேறு. பெருமையும் உந்தும் கூடிப் ‘பேருந்து’ ஆகும்போது, முதற்சொல்லின் ஈறு கெட்டு முதலெழுத்து நீள்கிறதேயன்றி, இரண்டாம் சொல்லில் ஓரெழுத்தும் குறைவதில்லை. நம் நாட்டு நிலையப் பலகைகளில் உள்ள ‘புகையிரத’த்தில் இரு சொற்களும் முழுமையாகவே நிற்கின்றன, இடையில் ஒரு யகர உடம்படுமெய் மட்டும் நுழைந்திருக்கிறது.

குறுகிய வடிவங்கள் நம்மிடமும் உண்டு. சோழநாடு ‘சோணாடு’ ஆயிற்று, மலையமானாடு ‘மலாடு’ ஆயிற்று; திருகோணமலையை நாம் இன்றும் ‘திருமலை’ என்கிறோம். நன்னூல் இத்தகையவற்றை மரூஉ என்று பெயரிட்டு இயல்பு வழக்கினுள் அடக்குகிறது. ஆனால் மரூஉ என்பது பலர் வாயிற் புழங்கி நாளடைவில் தேய்ந்தது. ஒருவர் ஒரே காலையில் கத்தரித்தது அன்று.

அவ்வாறு கத்தரிப்பது தமிழில் எளிதில் பலிக்காமைக்குக் காரணம், நம் சொற்களின் உயிர் பெரும்பாலும் முதலசையில், அதாவது வேரில், இருப்பதுதான். தலையை அறுத்தபின் எஞ்சும் வாலைக் கொண்டு மூலச்சொல்லை இனங்காண முடிவதில்லை. ‘பகல்’ தலையிழந்தால் மிஞ்சுவது வெறுங் ‘கல்’. அதன் முன்னே ‘கா’வும் வந்து நின்றால், கேட்பவருக்குச் சனி விரதத்தன்று காகத்துக்கு வைக்கும் சோறே நினைவுக்கு வரும்! ‘தமிங்கிலம்’ மட்டும் எப்படி நிலைத்தது என்று தாங்கள் கேட்கலாம். அதில் ‘தமி’ என்ற தலை கெடவில்லை. ‘ங்கிலம்’ என்ற வாலோ ஆங்கிலத்தையன்றி வேறெதையும் நினைவூட்டுவதில்லை. அத்தகைய வால் வாய்த்த சொற்கள் நமக்கு மிகச் சிலவே.

என் தெரிவு ‘முற்பகலுணவு’. பிற்பகல்வரை பரிமாறும் ஹோட்டல்காரர் அதற்கு உடன்படுவாரோ என்னவோ. தங்கள் மகளின் சொல் வீட்டுக்குள் தாராளமாக வழங்கட்டும். பாடசாலைக் கட்டுரையில் மட்டும் இப்போதைக்கு எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள்.